கொரீன் சார்பில்

பெரில் ஆர்மராடின் வீட்டுக்குள் காலை வைத்தால், கோட்டைக் கழற்றுவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும்.

"இன்னிக்காவது ஒரு வாய் டீ குடிக்கிறீங்களா, இல்ல சாமி குத்தமாயிடுமா?"

"வேணாம் பெரில். வெந்நீர் போதும்."

"வெந்நீர் குளிக்கிறதுக்கு, கண்ணு."

சொல்லிவிட்டுக் கெட்டில் சுவிட்சைத் தட்டிவிடுவாள். எண்பதைத் தாண்டியவள். இடுப்பு எலும்பு தேய்ந்துபோய், மேசையையும் நாற்காலி முதுகையும் பிடித்துப் பிடித்துத்தான் நடப்பாள். வாய் மட்டும் எதையும் பிடிக்காமல் ஓடும். அவளுக்கு ஒரு குவளை நிறைய டீ, எங்களுக்கு வெந்நீரில் கலக்கிய பழச்சாறு. சளி பிடித்த பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சாறு அது. பத்து மாதமாக அதைத்தான் குடிக்கிறோம்.

டீ, காப்பி, சாராயம், சுருட்டு எதுவும் எங்கள் சபையில் கிடையாது. பிள்ளைகளை ஆளாக்கி முடித்த தம்பதிகள் சொந்தச் செலவில் ஒன்றரை வருஷம் ஊழியத்துக்குப் போவது எங்கள் வழக்கம். எந்த ஊருக்கு என்று தலைமையிடம் தீர்மானிக்கும். உலகத்தில் எத்தனையோ தேசம் இருக்க, டீ இல்லாமல் கதவே திறக்காத லங்காஷயர் மலையடிவாரத்துக்கு எங்களை அனுப்பினார்கள். தோர்ன்பெக் என்று ஊர். ஊரில் ஆளைவிட ஆடு அதிகம். ஐடஹோவில் எங்கள் பீட்ரூட் வயலின் ஒரு மூலையில் இந்த ஊரைத் தூக்கி வைத்துவிடலாம்.

என் கணவர் ஆர்லனுக்கு அதிலெல்லாம் குறையில்லை. காலை ஆறரைக்கு எழுந்து, நிலைப்படி உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டு, கஞ்சி காய்ச்சி, வேதம் வாசித்து, வெள்ளைச் சட்டை போட்டு, டை கட்டி, மார்பில் கறுப்பு பேட்ஜைக் குத்திக்கொண்டுவிடுவார். 'மூப்பர் ஸ்டாடர்ட்' என்று போட்டிருக்கும். ஊழியத்துக்கு வந்த ஆண் எல்லாரும் எங்களில் மூப்பர்தான். மீசை முளைக்காதவனும் மூப்பர், எழுபத்திரண்டு வயது ஆர்லனும் மூப்பர். பெரிலுக்கு இதில் ஒரே கொண்டாட்டம்.

"மூப்பரே, டையை எடுத்து உள்ள விடுங்க. நேத்து என் சேவல் அதைப் புழுன்னு நெனச்சிடுச்சு."

அவள் எங்கள் சபையாள் இல்லை, ஆகப் போவதும் இல்லை. இடுப்பு போன பிறகு கோழிகளை அடைக்க ஆளில்லாமல் நரி இரண்டைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து இருட்டுவதற்கு முன் ஆர்லன் தினமும் வந்து அடைத்துவிட்டுப் போகிறார். செவ்வாய்க்கிழமைகளில் விறகு பிளந்து, கூண்டையும் கழுவிக் கொடுப்பார். பெரில் அவரைக் கிண்டல் செய்வாள். இதுதான் அவர்கள் ஏற்பாடு.

எனக்கு ஏற்பாடு எதுவும் இல்லை. எனக்கு மரத்துப்போய்விட்டது. கை கால் இல்லை, உள்ளே. ஒருக்களித்துப் படுத்து எழுந்தால் கை நம்முடையதாகவே தெரியாதே, அப்படி. கையாவது உதறினால் சரியாகும். மழை பெய்தால் நனைந்தேன். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஆர்கன் வாசித்தேன். 'சிஸ்டர் நெல்டா எவ்வளவு அமைதி' என்று சொன்னார்கள். சிரித்து வைத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, நவம்பர் மாதம், ஆர்லன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே சொன்னார். "சனிக்கிழமை பகல்ல நாங்க இருக்க மாட்டோம் பெரில். ஆலயத்துக்குப் போறோம். கோழி அடைக்கிற நேரத்துக்கு வந்துடுவேன்."

"என்ன விசேஷம்?"

"எங்க பொண்ணுக்காக."

பெரில் குவளையைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். "உனக்குப் பொண்ணு இருக்கா? சொல்லவே இல்லையே."

"இருந்தா," என்றேன்.

கெட்டிலின் ஆவி ஜன்னலில் படிந்து வழிந்தது. ஆர்லன்தான் பேசினார். கொரீன் இறந்து வெள்ளிக்கிழமையோடு ஒரு வருஷம். ஆலயத்தில் செய்துகொள்ள வேண்டிய உடன்படிக்கைகளை அவள் உயிரோடு இருக்கும்போது செய்துகொள்ளவில்லை. செத்தவர்களுக்கு மண்டியிட முழங்கால் இல்லை, சொல்ல நாக்கும் இல்லை. அதனால் உயிரோடிருக்கிற ஒருவர் அவர்கள் பெயரைச் சுமந்துகொண்டு போய், 'இறந்துபோன இன்னாருக்காக, அவர் சார்பில்' என்று எல்லாவற்றையும் செய்து முடிக்கலாம். ஒரு வருஷம் பொறுக்க வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண்.

"நெல்டாதான் நிக்கப் போறா," என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

"செத்தவளைக் கேட்டீங்களா?" என்றாள் பெரில்.

"ஏத்துக்கிறதும் தள்ளுறதும் அவ இஷ்டம் பெரில். யாரையும் கட்டாயப்படுத்துறதில்ல. நாங்க கதவைத் திறந்து வைக்கிறோம், அவ்வளவுதான்."

"என் புருஷனுக்கு யாராவது இப்படிக் கதவு திறந்தா, குளிர் அடிக்குது சாத்துடான்னு கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து ஒண்ணு விடுவான்."

ஆர்லன் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சாற்றைக் குடித்து முடித்தேன்.

கொரீன் எங்கள் மூத்த பெண். பத்தொன்பது வயதில், தனக்கு நம்பிக்கை இல்லை என்று சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னாள். உப்பைக் கொடு என்பது போலத்தான் சொன்னாள். சண்டையில்லை, கத்தலில்லை. போர்ட்லண்டுக்குப் போய் நகரப் பேருந்து ஓட்டினாள். மழையில் நனைந்து ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் வேறு சாமி வேண்டியதில்லை என்பாள். இருபது வருஷத்துக்கு மேல் அதே வேலை, கூடவே ஒரு டீ பிளாஸ்க்.

நன்றியறிதல் நாள் விருந்துக்கு வருஷம் தவறாமல் வீட்டுக்கு வருவாள், பிளாஸ்கோடு. முதல் வருஷமே ஆர்லன், "என் கூரைக்குக் கீழ அது வேணாம்மா," என்றார். அவள் சிரித்துவிட்டு, பனியில் நடந்து போய் லாரிக் கொட்டகையில் நின்று குடித்துவிட்டு வந்தாள். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் வாயிலிருந்து வரும் ஆவியும் குவளை ஆவியும் ஒன்றாகக் கலந்து தெரியும். அடுத்த வருஷம் கொட்டகையில் ஒரு மரப்பெட்டி கவிழ்த்துப் போட்டிருந்தது, மேலே பழைய டிராக்டர் இருக்கையின் மெத்தை. கெட்டிக்காரி, தனக்கு இடம் பண்ணிக்கொண்டாளே என்று நினைத்தேன்.

நோய் வந்தபோது டாக்டர்கள் சுற்றி வளைக்கவில்லை. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அவளுக்கு உதடு காய்ந்துகொண்டே இருந்தது. தண்ணீர் இறங்கவில்லை, ஐஸ் துண்டுதான். ஆர்லன் தாழ்வார மெஷினுக்குப் போய் எடுத்து வருவார். அப்படி அவர் போயிருந்தபோது கொரீன் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ம்மா, நான் போனப்புறம் ஆலயத்துல என் பேர்ல எதுவும் பண்ணக் கூடாது."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"இப்ப பேசாம எப்பப் பேசுறது? நீங்க பண்ணுவீங்க, எனக்குத் தெரியும். பாசத்துலதான் பண்ணுவீங்க. வேணாம்மா. நான் வாழ்ந்தது எனக்குச் சரியாத்தான் இருந்துச்சு. அதுல திருத்தம் போடாதீங்க."

"சரி."

"சரின்னா பத்தாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். அவள் கையை விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஆர்லன் வந்தார். கோப்பையில் ஐஸ் பாதி உருகிக் கிடந்தது. "மெஷின் மக்கர் பண்ணுச்சு," என்றார்.

அடக்கம் முடிந்து வந்த மாதமே, ஊழியத்துக்கு எழுதிப் போடலாமா என்று கேட்டார். சரி என்றேன். அந்த நாட்களில் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். வீட்டை மகன் கெண்டலிடம் ஒப்படைத்தோம். விமானம் ஏறினோம். ஊழியத்தில் இருப்பவர்கள் ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது என்பது விதி. நாங்கள் காரில் ஒன்றாக, கடையில் ஒன்றாக, மேசையில் ஒன்றாக, ஒட்டிப் பிறந்தவர்கள் போலப் பத்து மாதத்தை ஓட்டினோம். கொரீனைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. ஆர்லன் ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்வார். அது என்னிடம் பேசுவது ஆகாது.

சனிக்கிழமைக்கு இடம் சொல்லி வைத்துவிட்டேன் என்று அவர் சொன்ன நாளிலேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சத்தியத்தைச் சொன்னால் அவருடைய மிச்ச நம்பிக்கையைப் பிடுங்குகிறேன். சொல்லாமல் போய் நின்றால் என் பெண்ணை ஏமாற்றுகிறேன். இரண்டில் ஒன்று. இதை நினைத்து ராத்தூக்கம் போயிருக்க வேண்டுமே? போகவில்லை. நன்றாகத் தூங்கினேன். அதுதான் எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது.

புதன்கிழமை பக்கத்து டவுனில் இருக்கிற இளம் ஊழியர்களின் வீட்டைச் சோதனை போடப் போனோம். வயதான தம்பதிகளுக்கு இது ஒரு வேலை. அடுப்புக்கு அடியில் ஒரு ரொட்டி பச்சை முடி வளர்த்துக் கிடந்தது. ஆர்லன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இதுக்கும் ஞானஸ்நானம் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அடுப்பைத் தேய்த்தேன். தேய்ப்பது எனக்கு வரும்.

வியாழக்கிழமை கெண்டலோடு வீடியோவில் பேசுகிற நாள். பின்னால் பேரப் பிள்ளைகள் நாய்க்குட்டியைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"சனிக்கிழமை அம்மா கொரீனுக்காக நிக்கப் போறா," என்றார் ஆர்லன்.

 கெண்டல் அழுதான். "ரொம்ப சந்தோஷம்மா. அவ நம்மளோட இருப்பா இல்ல?"

"லைன் விட்டு விட்டு வருது, கெண்டல்," என்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் நாள். காலையில் குப்பைத் தொட்டியை வெளியே வைத்தோம். தபால் நிலையத்துக்குப் போனோம். சந்தில் ஒரு டிராக்டர் எதிரே வந்து, ஆர்லன் வேலி இடைவெளி வரைக்கும் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார். டிராக்டர்காரர் ஒரு விரலைத் தூக்கி நன்றி சொன்னார். இங்கே அதற்கு மேல் யாரும் எதையும் தூக்குவதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. துக்கம் கேட்க வருகிறவர்களும் ஒரு விரலைத் தூக்கிவிட்டுப் போய்விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மத்தியானச் சாப்பாட்டோடு உபவாசம் ஆரம்பித்தோம். அதன் பிறகு ஆர்லன் இஸ்திரிப் பலகையை விரித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. என் வெள்ளை ஆலய உடுப்பை எடுத்துப் போட்டு, காலரில் ஆரம்பித்துக் கீழே வரை, நாக்கைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். ஓரிடத்தில் மடிப்பு விழுந்தது. தண்ணீர் தெளித்து மறுபடி தேய்த்தார்.

"குடுங்க, நான் பண்றேன்."

"இல்ல நெல்டா. அவளுக்காக நான் பண்ண முடியுறது இது ஒண்ணுதான்."

நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, காய்ந்த பாத்திரத்தைக் கழுவினேன். படுக்கப் போகுமுன் கட்டிலருகே மண்டியிட்டோம். எங்களில் கை கூப்புவதில்லை. மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு தலை குனிவோம். கோபித்துக்கொண்ட பிள்ளைகள் மாதிரி இருக்கிறது என்பாள் பெரில். "நாளைக்கு நெல்டாவுக்குப் பெலன் தாரும்," என்று ஆர்லன் ஜெபித்தார். ஆமென் சொன்னேன்.

ஆலயத்துக்கு ஒரு மணி நேர ஓட்டம். மழை. உடுப்பு பின் சீட்டுக் கொக்கியில் தொங்கியபடி ஒவ்வொரு வளைவிலும் என் தோளைத் தொட்டது. ஆர்லன் வழியெல்லாம் பேசினார். கொரீன் முதன்முதலில் டிராக்டர் ஓட்டியது, கன்றுக்குட்டிக்கு மேயரின் பெயரை வைத்தது. ஒரு வருஷம் அடைத்து வைத்ததெல்லாம் வந்தது. நாளையிலிருந்து அவளைப் பற்றிப் பேசலாம் என்று அவருக்கு ஆகிவிட்டது போலும்.

வண்டியை நிறுத்தினார். புல்வெளிக்கு அப்பால் வெளிர்க் கல்லில் கோபுரம். படியில் ஒரு கல்யாணக் கூட்டம் குடைகளோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தது. அவர் இறங்கி, என் பக்கம் வந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"நான் வரல," என்றேன்.

"உடம்பு முடியலையா? உபவாசம் ஒத்துக்கலையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நான் கொரீன்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். அவ பேர்ல எதுவும் பண்ண மாட்டோம்னு."

மழை அவர் காலருக்குள் இறங்கியது. கதவை மெல்லச் சாத்திவிட்டு, சுற்றி வந்து தன் இருக்கையில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டார்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"ஐஸ் எடுத்துட்டு வந்தேன்ல. கதவுகிட்ட வந்தப்ப அவ பேசிட்டிருந்தா. உள்ள வரக் கால் வரல. அங்கேயே நின்னேன்."

"தெரிஞ்சுமா இடம் சொன்னீங்க?"

"நீ ஒண்ணும் சொல்லலையே நெல்டா. ஒரு வருஷமா வாயே திறக்கல. நீ சொல்லாத வரைக்கும் நானும் அதைக் கேக்காத ஆளா இருந்துக்கலாம்னு நெனச்சேன்."

"நான் போய் உடைக்கணும். உங்க கை சுத்தமா இருக்கணும். அப்படித்தானே?"

மறுப்பார் என்று நினைத்தேன். "ஆமா," என்றார்.

ஒரு வருஷத்தில் முதல்தடவையாக எனக்குக் கோபம் வந்தது. வந்ததே தவிர நிற்கவில்லை. மெஷினில் சில்லறை போட்டுப் பொருள் விழாமல் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"அவளுக்கு வேணாம்னா அங்க வேணாம்னு சொல்லிக்கட்டும்," என்றார் அவர், கெஞ்சுகிற குரலில். "நாம கதவைத்தானே திறக்கிறோம்?"

"அவ இங்கேயே சொல்லிட்டா ஆர்லன். நல்ல புத்தியோட, என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொல்லிட்டா. இன்னும் எத்தனை தடவை சொல்லணும் அவ?"

அவர் தலை கவிழ்ந்தது. நெற்றி ஸ்டீயரிங்கில் முட்டி ஹாரன் ஒரு தடவை அடித்தது. கல்யாணக் கூட்டம் திரும்பிப் பார்த்துக் கையசைத்தது, வாழ்த்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு.

"அப்ப நான் அவளை எங்க போய்ப் பாக்குறது, நெல்டா?"

 அவர் கையைப் பிடித்திருக்கலாம். என் கை மடியிலேயே கிடந்தது. அவர் அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, கைக்குட்டையைக் கொடுத்தேன். பிறகு வண்டியைத் திருப்பினார். தேய்த்த உடுப்பு தேய்த்தபடியே பின்னால் ஆடிக்கொண்டு வந்தது. 

தோர்ன்பெக் வந்தபோது வெளிச்சம் குறைய ஆரம்பித்திருந்தது. கோழி அடைக்க வேண்டும். ஆர்லன் நேராகக் கூண்டுப் பக்கம் போனார். நான் பெரிலின் சமையலறைக்குள் போய்க் கோட்டோடு உட்கார்ந்தேன்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"இல்ல. செய்யல. அவ வேணாம்னு சொல்லியிருந்தா."

பெரிலிடம் இதற்கு ஒரு பதில் இருந்திருக்கும். அவள் வாயைப் பற்றி எனக்குத் தெரியாதா?  அன்றைக்கு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து கெட்டில் சுவிட்சை மட்டும் தட்டினாள். ஆர்லன் வந்து பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்றார். கண் வீங்கியிருந்தது. பெரில் அவரைப் பார்க்காத மாதிரி அலமாரியைத் திறந்தாள்.

"இன்னிக்காவது ஒரு வாய் டீ..." என்று பழக்கத்தில் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"குடுங்க," என்றேன்.

பெரில் திரும்பினாள். "என்ன?"

"டீ. ஒரு குவளை."

"அந்த பேட்ஜைக் குத்திக்கிட்டா?"

என் கோட்டில் குத்தியிருந்த பேட்ஜைக் குனிந்து பார்த்தேன். கழற்றவில்லை. ஆர்லனைப் பார்த்துத்தான் சொன்னேன். "எனக்கில்ல. கொரீனுக்கு. கொரீன் சார்பில். ஒரு தடவையாவது கூரைக்குக் கீழ, உக்காந்து குடிக்கட்டும்."

அவர் முகத்தில் என்ன வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியே போய்விடுவார், காரில் உட்கார்ந்துவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். பெரில் டீயை ஊற்றினாள். பால் ஜாடியை எடுத்துச் சாய்த்தாள்.

"பால் வேணாம்," என்றார் ஆர்லன்.

பெரிலின் கை அப்படியே நின்றது.

"அவ பால் சேத்துக்க மாட்டா. ரெண்டு சக்கரை. முதல்ல ஒண்ணு போட்டுக் கலக்குவா, பாதி குடிச்சப்புறம் இன்னொண்ணு."

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் குவளை தெரியும். சர்க்கரை தெரியாது. சர்க்கரை தெரிய வேண்டுமானால் கொட்டகைக்குள்ளே நின்றிருக்க வேண்டும். அந்த மரப்பெட்டியைக் கவிழ்த்து மெத்தை போட்டது யார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பால் இல்லாத டீ!" என்று முணுமுணுத்தாள் பெரில். "எப்படி வளத்தீங்க பொண்ணை?"  ஒரு கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கி, குவளையை என் முன்னால் நகர்த்தினாள். சர்க்கரைக் கிண்ணத்தை ஆர்லன் பக்கம் வைத்தாள்.

ஆர்லன் நாற்காலியை இழுத்துப்போட்டு என்னருகே உட்கார்ந்தார். மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டினார். தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்.

நான் குடித்தேன். கசப்பு. இதற்குத்தானா பனியில் போய் நின்றாள் என்று இருந்தது. அவசரத்தில் வாய் நிறையக் குடித்ததில் நாக்கு சுட்டது. நன்றாகவே சுட்டது. கண்ணில் நீர் வந்தது, வந்தது நிற்கவில்லை. பெரில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாதி ஆனதும் குவளையை மேசையில் வைத்தேன். ஆர்லன் கண்ணைத் திறந்து, இரண்டாவது கரண்டி சர்க்கரையைப் போட்டார்.